‘லேசர் ரூட் கெனால்’ போர்டைப் பார்த்துப் பணம் கட்டும் முன்... பல் வேருக்குள் வெளிச்சம் என்னதான் செய்யும்?

பல் வலிக்கு நம்ம ஊர்ப்பக்கம் ரொம்ப காலம் இரண்டே தீர்வுதான். ஒன்று, கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு பொறுத்துக்கொள்வது. இன்னொன்று, ‘புடுங்கிப் போட்டுடலாம்’. பிறகு ரூட் கெனால் வந்தது. சொத்தையான பல்லைப் பிடுங்காமலே காப்பாற்ற முடியும் என்பது சின்ன ஊர்களுக்கும் தெரிந்தது. இப்போது அதற்கு மேல் இன்னொரு வார்த்தை கிளினிக் போர்டுகளில் ஏறியிருக்கிறது: லேசர்.

தென்காசி மாவட்டம் கரிவலம்வந்தநல்லூரை எடுத்துக்கொள்வோம். பால்வண்ணநாதர் கோயிலால் பேர் தெரிந்த ஊர். சங்கரன்கோவில் - ராஜபாளையம் சாலையில் இருக்கிறது. இதுபோன்ற ஊரில் இருப்பவருக்கு ரூட் கெனால் என்பது பல் டாக்டருக்குக் கொடுக்கும் காசு மட்டுமில்லை. இரண்டு, மூன்று முறை பஸ் ஏறிப் போக வேண்டும். போகிற ஒவ்வொரு நாளும் வேலை போகும், கூலி போகும். அப்படிப் போய் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்த பிறகு, “கூடுதலா கொஞ்சம் கட்டுனா லேசர்லயே கிருமியைக் கொன்னுடலாம், எப்படி வசதி?” என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

பதில் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. சுருக்கமாகச் சொன்னால், பல் வேருக்குள் வெளிச்சம் பாய்ச்சிக் கிருமியைக் கொல்வது ஏமாற்று வேலை இல்லை. அதற்குப் பின்னால் நூறாண்டைத் தாண்டிய அறிவியல் இருக்கிறது. ஆனால், ஒரு பல் பிழைக்க முதலில் வேண்டியது அது இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல், முதல் பாதியை மட்டும் சொல்லிப் பணம் வாங்குவதுதான் பிரச்னை.

ரூட் கெனாலில் எதைச் சுத்தம் செய்கிறார்கள்?

பல்லின் நடுவே பல்ப் என்கிற மென்மையான திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான் ஓடுகின்றன. சொத்தை ஆழமாகிப் பல்ப் வரை போய்விட்டால் பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். பல்ப் அழுகும், வேரின் நுனியில் சீழ் சேரும். ராத்திரி தூங்கவிடாத அந்த வலி இங்கிருந்துதான் வருகிறது.

ரூட் கெனால் சிகிச்சையில் அந்த அழுகிய திசுவை எடுத்துவிட்டு, வேருக்குள் போகும் மெல்லிய குழாயை ‘ஃபைல்’ எனப்படும் ஊசி போன்ற கருவியால் சுரண்டி அகலப்படுத்துகிறார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை விட்டுக் கழுவுகிறார்கள். வீட்டில் பிளீச் என்று வாங்குகிறோமே, அதே ரசாயனம்தான், செறிவை அளந்து பயன்படுத்துவார்கள். கடைசியாக, கட்டா பெர்ச்சா என்கிற ரப்பர் போன்ற பொருளால் குழாயை அடைத்து, மேலே அடைப்பும் கேப்பும் போடுகிறார்கள்.

இந்த நோய்க்கு மூல காரணமே பாக்டீரியாதான் என்பதை 1965-ல் ககேஹாஷி குழுவினர் எலிகளை வைத்து நிரூபித்தார்கள். சாதாரண எலிகளின் பல்லில் பல்ப் வெளியே தெரியும்படி துளையிட்டபோது அது அழுகிப்போனது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு அதே துளையைப் போட்டபோது அழுகவில்லை, பல் தானே ஆறத் தொடங்கியது. ஆக, ரூட் கெனாலின் வெற்றி தோல்வி எல்லாம் கிருமியை எவ்வளவு குறைக்கிறோம், திரும்ப வராமல் எப்படித் தடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

மருந்து விட்டும் கிருமி ஏன் தப்பிக்கிறது?

பல் வேரின் உள்பக்கம் ஸ்ட்ரா மாதிரி நேரான குழாய் இல்லை. கிளை பிரியும், வளையும், இரண்டு குழாய்களுக்கு நடுவில் குறுகலான சந்து ஓடும். ஃபைல் போகும் பாதையில் மட்டும்தான் அது சுரண்டும். 2001-ல் பீட்டர்ஸ் குழுவினர் மைக்ரோ சி.டி. ஸ்கேன் மூலம் பார்த்தபோது, எந்த வகை ஃபைலைப் பயன்படுத்தினாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ கருவியே படாமல் இருந்தது தெரியவந்தது.

அது போதாதென்று, பல்லின் சுவர் முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரு மைக்ரானிலிருந்து மூன்று மைக்ரான் வரைதான் அகலம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஆனால் பாக்டீரியாவுக்கு அந்த இடமே தாராளம். என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று ஒரு கிருமி, ஏற்கெனவே ரூட் கெனால் செய்து தோற்றுப்போன பற்களில் அடிக்கடி தட்டுப்படுவது. உணவு இல்லாமலும் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

இந்தக் கிருமிகள் தனித்தனியாகவும் இருப்பதில்லை. பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. பயோஃபிலிம் என்பது அதன் பெயர். குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே பாசி, அதுபோல. மேலாகத் தண்ணீர் ஊற்றினால் அது போகாது.

‘அப்ப மாத்திரை சாப்பிட்டா?’ என்று கேட்கலாம். பல்ப் செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. ரத்தத்தின் வழியாகப் போகும் மாத்திரை அந்தக் குழாய்க்குள் எப்படிப் போய்ச் சேரும்? மெடிக்கல் ஷாப்பில் பல் வலின்னு சொல்லி, டாக்டர் சீட்டு இல்லாமலே அமாக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வீக்கம் கொஞ்சம் வற்றலாம், வலி கொஞ்சம் அடங்கலாம். கிருமியின் வீடு அப்படியேதான் இருக்கும்.

வெளிச்சம் எப்படிக் கொல்கிறது?

இங்கேதான் ஒளி சிகிச்சை வருகிறது. மருத்துவர்கள் இதை ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்கிறார்கள். மூன்று பொருள் வேண்டும்: ஒரு சாயம், அதற்குப் பொருத்தமான நிற வெளிச்சம், ஆக்ஸிஜன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

பெரும்பாலும் பயன்படுவது மெத்திலீன் புளூ. பள்ளி லேபில் செல்லுக்கு நிறமேற்ற வைத்திருப்பார்கள், மீன் தொட்டியில் நோய் வந்தால் சொட்டு விடுவார்களே அந்த நீல மருந்து. சுத்தம் செய்த குழாய்க்குள் இதை விட்டுச் சில நிமிடங்கள் வைத்திருப்பார்கள். சாயம் பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு முடி போன்ற மெல்லிய ஒளியிழையை வேருக்குள் இறக்கி, 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சுவார்கள்.

வெளிச்சத்தை உறிஞ்சிய சாயம், அந்தச் சக்தியைப் பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜனுக்குக் கை மாற்றுகிறது. அந்த ஆக்ஸிஜன் ‘சிங்கிளெட் ஆக்ஸிஜன்’ என்கிற மூர்க்கமான வடிவத்துக்கு மாறி, கிருமியின் மேலுறை, புரதம், டி.என்.ஏ. என்று கையில் கிடைத்ததையெல்லாம் சிதைக்கிறது. அதன் ஆயுள் மைக்ரோ விநாடிக் கணக்குதான். அதனால் உருவான இடத்தை விட்டு ரொம்ப தூரம் போகாது. சாயம் எங்கே ஒட்டியதோ அங்கேதான் அடி.

இதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பெரும்பாலும் கிருமியின் ஏதோ ஒரு பாகத்தைக் குறிவைக்கும். கிருமி அந்தப் பாகத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கும். இங்கே ஒரே நேரத்தில் பல இடத்தில் அடி விழுவதால், எதிர்ப்புத் தன்மையை வளர்த்துக்கொள்வது கிருமிக்கு எளிதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில் இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் இதுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. 1900-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயத்தைப் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரிகள் மேல் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம்தான். ஆனால் வெளிச்சம் பட்டபோது உயிரிகள் செத்தன, வெளிச்சம் குறைவாக இருந்தபோது பிழைத்தன. இந்தத் துறை அங்கிருந்துதான் தொடங்கியது. பிறகு புற்றுநோய், தோல் நோய் என்று பயணித்தது.

பல் பக்கம் திரும்பியது 1990-களில், லண்டனில் மைக்கேல் வில்சன் குழுவினரின் ஆய்வுகளால். 2006-ல் பாஸ்டனில் சௌகோஸ் குழுவினர் பிடுங்கப்பட்ட பற்களில் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் படலத்தை வளர்த்து, மெத்திலீன் புளூவும் சிவப்பு வெளிச்சமும் கொடுத்தார்கள். ஒளியின் அளவைக் கூட்டியபோது 97 சதவீதக் கிருமிகள் அழிந்தன. சிங்கப்பூரிலும் பின்னர் டொராண்டோவிலும் அனில் கிஷன் குழுவினர், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை நானோ துகளாக்கி, அதில் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தை இணைத்து, பயோஃபிலிமுக்குள் ஊடுருவச் செய்யும் வழியை ஆராய்ந்தார்கள்.

மஞ்சளும் இந்தப் பட்டியலில் இருக்கிறதா?

இருக்கிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், நீல வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். பல் அடைப்பை இறுகச் செய்யப் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் நீல விளக்கின் வெளிச்சமும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான். விலை கூடிய கருவி வாங்காமலே செய்யலாமே என்ற எண்ணத்தில் குர்குமினை வைத்தும் நிறைய ஆய்வுகள் நடக்கின்றன.

ஆனால் இதை வைத்து, ‘பாட்டி சொன்ன மஞ்சள்தான், இப்ப வெள்ளைக்காரன் சொல்றான்’ என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அஞ்சறைப் பெட்டி மஞ்சளைப் பல்லில் அப்பிக்கொண்டு டார்ச் அடித்தால் எதுவும் நடக்காது. குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது. சுத்தம் செய்த வேருக்குள், அளந்த செறிவில், அளந்த நேரம் இருந்தால்தான் அதற்கு வேலை.

‘லேசர்’ என்றால் எல்லாம் ஒன்றா?

இதுதான் அதிகம் குழப்பம் நடக்கும் இடம். போர்டில் ‘லேசர்’ என்று ஒரே வார்த்தை இருக்கும். உள்ளே மூன்று விதம் இருக்கலாம்.

முதலாவது, மேலே சொன்ன சாயமும் குறைந்த சக்தி வெளிச்சமும் சேர்ந்த முறை. இதில் சூடு கிடையாது. இரண்டாவது, சக்தி கூடிய டயோடு லேசர். இது சூட்டால் கிருமியைக் கொல்வது. கவனமில்லாமல் கையாண்டால் வேரைச் சுற்றியுள்ள எலும்புக்குச் சூடு போகும். மூன்றாவது, எர்பியம் லேசர். இது குழாய்க்குள் இருக்கும் கரைசலில் அதிர்வலைகளை உண்டாக்கி, மருந்தைச் சந்து பொந்துக்கெல்லாம் தள்ளும். மூன்றும் வேறு வேறு. கருவி வேறு, ஆபத்து வேறு, விலையும் வேறு.

ஆனால் மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு: எதுவுமே ஃபைலுக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும் மாற்று இல்லை. ‘லேசர்லயே முடிச்சிடலாம், ஊசி வேண்டாம், துளை வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் சிகிச்சையை விளக்கவில்லை, விளம்பரம் செய்கிறார்.

ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன?

லேபில் முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. நோயாளிகளிடமும் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2008-ல் பிரேசிலில் கார்செஸ் குழுவினர் 20 பேரிடம் சோதித்தபோது, வழக்கமான சுத்தத்துக்குப் பிறகு ஒளியையும் சேர்த்துக் கொடுத்தால் பாக்டீரியா எண்ணிக்கை இன்னும் குறைவது தெரிந்தது. இரண்டாவது தடவை கொடுத்தபோது மேலும் குறைந்தது.

சரி, பிறகு என்ன தயக்கம்? எண்ணிக்கை குறைவது ஒன்று. பல் பல ஆண்டுகள் பிழைப்பது வேறு. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவதுதான். வேர் நுனியில் அரித்துப்போன எலும்பு ஒரு வருடம், நான்கு வருடம் கழித்து எக்ஸ்ரேயில் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட சாதாரண ரூட் கெனாலை விட ஒளி சேர்த்தது கண்டிப்பாக மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்த நீண்டகாலச் சான்று வலுவாக இல்லை. ஆய்வுக்கு ஆய்வு சாயத்தின் செறிவு வேறு, வெளிச்சத்தின் அளவு வேறு, நேரம் வேறு. ஒன்றோடொன்று ஒப்பிடுவதே கஷ்டம்.

முறைக்குள்ளேயே சில தடைகளும் இருக்கின்றன. வேரின் ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைவு. நுண்துளைகளின் கடைசி வரை சாயம் போவதில்லை. சாயத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் பல் நீலம் பாரிக்கலாம். இதெல்லாம் தீர்க்க முடியாத பிரச்னைகள் இல்லை. ஆனால் தீர்ந்துவிட்ட பிரச்னைகளும் இல்லை.

வாணியம்பாடி மறக்கக் கூடாத பாடம்

கிருமிநீக்கம் என்ற வார்த்தையைப் பல் மருத்துவத்தோடு சேர்த்துப் பேசும்போது, தமிழ்நாடு ஒரு சம்பவத்தைத் தாண்டிப் போக முடியாது. 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று ஏற்பட்டு 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாதான் காரணம். இதை ஆராய்ந்த மருத்துவர்கள் 2025-ல் வெளியிட்ட கட்டுரை சுட்டிக்காட்டியது எதை? சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத ஒரு கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்ததையும், அதே சலைனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதையும்.

பல் வலியோடு போனவர்களின் உயிரையே எடுத்தது ஒரு சலைன் பாட்டில். அந்த இடத்தில் எந்த லேசர் இருந்திருந்தாலும் ஒரு பயனும் இருந்திருக்காது. கிருமியைக் கொல்லும் நவீனக் கருவியை வாங்குவதற்கு முன்னால், கிருமியை உள்ளே விடாமல் இருப்பது என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டியது ஆட்டோகிளேவ், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் ஊசி, சீல் பிரிக்காத சலைன், ஒழுங்கு. இவற்றை யாரும் போர்டில் எழுதுவதில்லை.

கையில் இருக்கும் பணம் முதலில் எதற்கு?

ரூட் கெனால் தோற்பதற்குக் கிருமி உள்ளேயே தங்குவது மட்டும் காரணமில்லை, வெளியிலிருந்து திரும்பப் புகுவதும் காரணம். 1995-ல் ரே, ட்ரோப் என்ற இரு ஆய்வாளர்கள் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேர் நுனி நலமாக இருப்பதில், உள்ளே குழாயை எவ்வளவு அழகாக அடைத்தார்கள் என்பதை விட, மேலே போட்ட அடைப்பு எவ்வளவு தரமானது என்பது கூடுதலாகப் பங்கு வகித்தது. பின்னால் வந்த ஆய்வுகள், இரண்டுமே நன்றாக இருக்க வேண்டும் என்றன. எப்படிப் பார்த்தாலும் மேல் அடைப்பு சும்மா இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முதல் தடவை போய்ப் பல்ப்பை எடுத்ததுமே வலி போய்விடும். ‘வலிதான் போயிருச்சே, அறுவடை முடியட்டும், சம்பளம் வரட்டும்’ என்று தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்த அடைப்பு தேய்ந்து, எச்சில் உள்ளே இறங்கி, கிருமி திரும்பக் குடியேறும். அல்லது கேப் போடாத கடைவாய்ப் பல் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. செலவு செய்த அத்தனை பணமும் அந்தப் பல்லோடு போகும்.

ஆகவே ஒரு குடும்பத்திடம் இருப்பது ஒரு தொகைதான் என்றால், அது போக வேண்டிய வரிசை இது: முழுமையாக முடித்த ரூட் கெனால், நல்ல அடைப்பு, கேப். அதற்கும் மேல் மிச்சம் இருந்தால் ஒளி. ஒளிக்குப் பணம் கட்டிவிட்டுக் கேப்பைத் தள்ளிப்போடுவது, வீட்டுக்கு ஏ.சி. மாட்டிவிட்டுக் கதவை மாட்டாமல் விடுவது மாதிரி.

அப்படியானால் ஒளி யாருக்கு உண்மையிலேயே உதவலாம்? ஏற்கெனவே ரூட் கெனால் செய்து தோற்று, மறுபடி திறக்க வேண்டிய பல். வேர் நுனியில் பெரிய சீழ்க்கட்டி உள்ள பல். இதுபோன்ற இடங்களில், வழக்கமான சுத்தத்தை முழுதாகச் செய்துவிட்டு, கூடுதல் கையாக இதைப் பயன்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. முதல்முறை ரூட் கெனால் செய்யும் எல்லோர் தலையிலும் கட்டுவதில்தான் இல்லை.

நாற்காலியில் உட்காரும் முன் கேட்க வேண்டியவை

டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

• “சார், நீங்க சொல்ற லேசர் எந்த வகை? சாயம் போட்டுச் செய்றதா, சூட்டுல செய்றதா?”

• “லேசர் இல்லாம செஞ்சா என் பல்லுக்கு என்ன வித்தியாசம் வரும்?”

• “ரப்பர் டேம் போடுவீங்களா?” பல்லை மட்டும் வெளியே விட்டு, எச்சில் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பு அது. விலை குறைவு, பலன் அதிகம்.

• “கருவியெல்லாம் ஆட்டோகிளேவ் பண்றீங்களா? சலைன் பாட்டில் புதுசா பிரிச்சதா?”

• “அடைப்பு, கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை வரணும்?”

சிகிச்சை தருபவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதும் நோயாளியின் உரிமை. பி.டி.எஸ். முடித்த எந்தப் பல் மருத்துவரும் ரூட் கெனால் செய்யலாம். சிக்கலான பல் என்றால், அதற்கென்றே எம்.டி.எஸ். படித்த எண்டோடான்டிஸ்ட் இருக்கிறார்.

அரசு எங்கே வர வேண்டும்?

சங்கரன்கோவிலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் பிரிவும் இருக்கிறது. இங்கெல்லாம் உடனே லேசர் கருவி வாங்கிவைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பல் எக்ஸ்ரே, ரப்பர் டேம், ஃபைல் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கட்டும். பிடுங்கி அனுப்புவதோடு நிற்காமல், ரூட் கெனாலைத் தொடங்கி கேப் வரை முடித்துத் தரும் நிலை தாலுகா அளவில் வரட்டும். தனியார் கிளினிக்குகளில் கிருமிநீக்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று, அடுத்த வாணியம்பாடிக்கு முன்னால், அதிகாரிகள் போய்ப் பார்க்கட்டும்.

ஆராய்ச்சி தன் வழியில் போகட்டும். நீலச் சாயமோ மஞ்சளோ, நாளைக்கு வலுவான சான்றோடு, மலிவான விளக்கோடு வந்தால் அதைக் கரிவலம்வந்தநல்லூர்க்காரரும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதுவரை அவர் கேப்புக்கான காசை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பற்றிப் பேசுவதே புத்திசாலித்தனம்.